உயர்முறை மன்றக் கட்டடம் யாருடையது?

"வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன கட்டடம் ஐயா அது. இடிந்தால் இடியட்டுமே! தமிழாசிரியராகிய நீங்கள் அதற்கு ஏன் வருந்துகிறீர்கள்?" என்று நம் அன்பர் ஒருவர் சென்ற திங்கள் என்னைக் கேட்டார். கேட்டது சென்னை உயர்முறை மன்றத்தைப் பற்றி. மக்கள் உயர்நீதிமன்றம் என்பர். எங்களூர் முதியோர் இன்றும் ஐக்கோர்ட்டு என்றே வழங்குவர். அன்பர் நல்ல தமிழுணர்ச்சி மிக்கவர். அவர்க்கு யான் விடை சொல்லத் தொடங்குமுன் அவர் ஏறவேண்டிய பேருந்து வந்துவிட்டது. ஆகலின் விடையை ஈண்டு எழுதுகிறேன். அவரும் இவ்விதழைப் படிப்பவரே.

வேறொரு சாராரும் நம்மிடை உளர். அழகான கட்டடம் எங்கே கண்டாலும் 'இதுவும் நம் பண்டைச் சிற்பிகளின் வழியதே' எனச் சான்றின்றி உரிமை கொண்டாடுவது அவர் வழக்கம். இவ்விரு சாரார்க்கும் இடையே உண்மை கிடக்கின்றது. முன்னவர் கட்டடத்தின் சட்டையைப் பார்த்து உடம்பை வெறுக்கின்றனர். பின்னவர் உடம்பை நம்மதென்று சொல்லாமல் சட்டையையே நம்மதென்கின்றனர்.

சட்டையைப் பற்றி முதலில் பேசுவோம். அது நம்முடையதன்று. துறைமுகப் பக்கத்திலிருந்து காண்பார்க்குச் செங்கற் சுவர்களும், அடுக்கடுக்கான கூர்வளைவுகளும், அவற்றின்மேல் சிறிதும் பெரிதுமாகக் குவிமாடங்களும், ஒல்லியான தூபிகளும், எல்லாவற்றுக்கும் மேலாக 175 அடி உயர்ந்த பெருங்கோபுரமும் தோன்றும். இவற்றுள் மாமல்லையும் இல்லை, தஞ்சையும் இல்லை. 1862 சூன் 26ஆம் பக்கல் விக்டோரியா அரசி விடுத்த ஆணைமடலால் இம்மன்றம் நிறுவப்பெற்று, முப்பதாண்டு கடற்கரைச் சாலையில் வேறொரு கட்டடத்தில் இயங்கியது. இற்றைக் கட்டடத்தின் பணி 1888 அக்தோபரில் தொடங்கியது. பிராசிங்டன் என்பார் வகுத்த வரைவை என்றி இர்வின் திருத்தியமைத்து, சுடீபன்சு என்பாரின் துணையோடு முடித்தார். 1892 சூலை 12ஆம் பக்கல் ஆளுநர் வென்லாக்கு பெருமகனார் தலைமை நடுவர் ஆர்தர் காலின்சிடம் திறவுகோலைக் கொடுத்தார். செலவு ஏறத்தாழ 13 இலக்கம் உருபா. மதிப்பிட்டதோ பத்திலக்கத்துக்கும் குறைவு. அரசுப் பணிகள் மதிப்பீட்டை மீறுவது நம் காலத்து வழக்கமென்று நினைப்போர் இதனை அறிக.

ஆயின் ஒரு வினா எழுகின்றது. 1862இலேயே கல்கத்தாவிலும் பம்பாயிலும் இத்தகைய மன்றங்கள் நிறுவப்பட்டன. கல்கத்தா மன்றம் 1872இல் பெல்சிய நாட்டு ஈப்பர் நகரின் பழைய துணிக்கூடத்தைப் பின்பற்றி, காத்திக்கு எனப்படும் மேனாட்டுத் தேவாலயப் பாணியில் எழுந்தது. பம்பாய் மன்றமும் 1878இல் அப்பாணியிலேயே முடிந்தது. சென்னைக்கு மட்டும் குவிமாடச் சட்டை ஏன்?

இதன் கரணியம் 1870இல் சென்னையில் நிகழ்ந்த ஓர் உரையிற் கிடக்கின்றது. அப்போது ஆளுநராயிருந்த நேப்பியர் பெருமகனார், இந்நாட்டில் அரசு கட்டும் கட்டடங்கள் எப்பாணியில் அமைய வேண்டும் என்பது பற்றிப் பேசினார். தூணும் உத்தரமும் கொண்ட கோவிற் கட்டுமுறை வழிபாட்டிற்கு ஏற்கும். ஆனால் அகலமும் வெளிச்சமும் வேண்டும் அலுவல்மனைகட்கு ஏலாது. வளைவும் குவிமாடமும் கொண்ட இசுலாமிய முறையே அரசுக் கட்டடங்கட்குத் தக்கது என்பது அவர் முடிபு. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப்பின் தம்மை முகலாயரின் வழித்தோன்றல்போற் காட்டிக்கொள்ள விழைந்த ஆட்சிக்கு இது பொருத்தமாகவும் இருந்தது. சென்னையில் ஆர்க்காட்டு நவாபு 1760களில் கட்டிய சேப்பாக்கம் அரண்மனை அரசின் கைக்கு வந்திருந்தது. அதனை ஒட்டி இராபர்ட்டு சிசோம் என்னும் அரசுக் கட்டடக் கலைஞர் அலுவல்மனைகளை எழுப்பினார். பல்கலைக்கழக ஆட்சிமன்றக் கூடமும் (1879), அஞ்சல் தலைமனையும் (1884) அவர் வகுத்தவையே. அவ்வரிசையின் உச்சமே இர்வினின் முறைமன்றம்.

நேப்பியரின் கூற்றை நம்மவர் பலர் இன்றும் மறுக்காமல் திருப்பிச் சொல்கின்றனர். கட்டடக்கலைப் பாடம் நடத்துவோரும் அவருள் அடக்கம். தூணும் உத்தரமும் கொண்ட மண்டபத்தில் பொது அலுவல் நடவாதா? உத்தரமேரூரில் ஊரவை கூடிய மண்டபத்தின் கல்லிலேயே முதற்பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுகளின் குடவோலைக் கல்வெட்டுகள் உள்ளன. யார் உறுப்பினராகலாம், யார் ஆகலாகாது, கணக்குக் காட்டாதவன் என்னாவான் என்பதெல்லாம் அங்கே வெட்டப்பட்டுள்ளன. அது பொது அலுவல்மனை அன்றெனில் வேறெது? மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனையை எடுத்துக் கொள்க. அது வளைவும் குவிமாடமும் கலந்த கலப்புக் கட்டடமே, மறுக்கவில்லை. எனினும் அது தென்னாட்டுக் கொத்தர் சுண்ணத்தாலும் சுதையாலும் 17ஆம் நூற்றாண்டிற் செய்த பணி. அதனைப் பழுதுபார்ப்பித்து மாவட்ட மன்றங்கட்கு ஆக்கியவர் யாரெனில், அதே நேப்பியர்! இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை மதுரை வழக்காளர் அக்கூடங்களில்தான் காத்துக் கிடந்தனர்.

இதனினும் நுட்பமானது ஒன்றுண்டு. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வாழும் தமிழ் முசுலிம்கள் தம் பழைய தொழுகைப் பள்ளிகளை எவ்வாறு கட்டினர்? கருங்கல் தூண் நிறுத்தி, போதிகை வைத்து, உத்தரம் ஏற்றி, தட்டையான கற்கூரை பாவித் தமிழ் மண்டபமாகவே கட்டினர். மாந்த உருவம் தவிர்த்துப் பூவும் கொடியும் மட்டும் செதுக்கினர். தம் மறைக்கும் இம்மண்ணின் கட்டுமுறைக்கும் முரண் இருப்பதாக அவர் கருதவில்லை. தொழுகைக்கே தூணும் உத்தரமும் போதுமென இசுலாமியத் தமிழர் கண்டிருக்க, வரிக்கணக்கு எழுதுதற்குக் குவிமாடம் வேண்டுமென ஆங்கில ஆளுநர் முடிவு செய்தார். ஆதலின் இக்கட்டடப் பாணியை நம் முசுலிம் உடன்பிறப்பாளர் தலையில் ஏற்றுவது பெருந்தவறு. இது இலண்டன் ஏட்டறிவில் விளைந்தது.

பெயரையும் பாருங்கள். 'இந்தோ சாரசெனிக்கு' என்பர். சாரசென் என்பது பண்டைக் கிரேக்கரும் உரோமரும் அரபு மக்களைக் குறித்து வழங்கி, பின்னர் ஐரோப்பியர் தம் சிலுவைப் போர்க்காலத்தில் முசுலிம்கள் அனைவர்க்கும் இட்ட பெயர். இந்நாட்டில் ஒருவரும் எக்காலத்தும் தம்மைச் சாரசென் எனச் சொல்லிக்கொண்டதில்லை. கட்டியவரும் சாரசெனர் அல்லர், கட்டுவித்தவரும் அல்லர், உள்ளே வாதிடுவோரும் அல்லர். இப்பெயரைத் தமிழ்ப் பாடநூல்களில் அப்படியே எழுத்துப் பெயர்த்து வைத்திருக்கிறோம். மாணாக்கர் மனப்பாடம் செய்கின்றனர். 'குவிமாடக் கலப்புமுறை' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

பாணி சட்டையே என்றதற்கு இர்வினின் கையே சான்று. இங்கே குவிமாடம் வைத்த அதே இர்வின், 1888இல் சிம்லாவில் வைசிராய் எனப்பட்ட அரசப் பேராளர்க்கு முடித்துக் கொடுத்த மாளிகை, எலிசபெத்து அரசி காலத்து ஆங்கிலப் பெருமனை போன்றது. தமக்கு உறைவிடம் வேண்டும்போது தம்மூர் வடிவம்; ஆளப்படுவோர் வந்து நிற்குமிடத்துக்கு வேறு வடிவம்.

இனி உடம்பிற்கு வருவோம்.

சென்ற ஆண்டு பங்குனித் திங்களில் உறவினர் ஒருவரின் நிலவழக்கின் பொருட்டு அவர்க்குத் துணையாகச் சென்று, முற்பகல் முழுதும் அம்மன்றத்தின் தாழ்வாரத்தில் காத்திருந்தேன். வெளியே வெயில் கொளுத்தியது. தாழ்வாரத்திலோ வியர்வை அடங்கியது. சுவரின் பருமனும், கூரையின் உயரமும், வரிசையாய்த் திறந்த வளைவுகளூடு வரும் கடற்காற்றும் சேர்ந்து செய்யும் வேலை அது. வழக்குக் கட்டு கையிலிருக்க, யான் சுவரைத் தடவிப் பார்த்துக் கொண்டிருந்தேன். வளைவின் விளிம்புக்கென்று தனியச்சில் அறுத்துச் சுட்ட கற்கள்; தூண்மூலைக்கென்று உருட்டிச் சுட்ட கற்கள்; இடையிடையே சுடுமண் பூவேலை. ஒரு வரி இன்னொரு வரியினின்று மயிரிழையும் பிறழவில்லை. அருகிருந்த இளைய வழக்குரைஞர் ஒருவர் என்னைச் சற்று ஐயத்தோடு நோக்கினார்.

அக்கல் எங்கிருந்து வந்தது? மேனாட்டிலிருந்து கப்பலேறி வரவில்லை. இரும்புத் தூலங்களும் அழகுபடுத்தும் ஓடுகள் சிலவும் தவிர, ஏனைய எல்லாம் இம்மண்ணிற் பிறந்தவை. செங்கல்லும் சுடுமண்ணும் அரசின் சூளைகளிற் சுடப்பட்டன. மரவேலையும் செதுக்குவேலையும் உள்ளூர்க் கைவினைஞருடையவை. முதலாம் மன்றக் கூடத்தின் மேற்கூரை ஓவியத்தையும் சுவரோட்டு வேலையையும் கண்டோர் மறவார். அக்கைவினைஞருள் ஒருவர் பெயரும் கல்லில் இல்லை. ஆளுநர் பெயருண்டு, வரைந்தவர் பெயருண்டு, திறவுகோல் வாங்கியவர் பெயருமுண்டு. சாரங் கட்டி 175 அடி ஏறியவன் பெயர் இல்லை.

அதே வளாகத்தில் தனித்து நிற்கும் பழைய கலங்கரை விளக்கத் தூணையும் காண்க. 1844இல் ஒளியேற்றப்பட்ட அது, கிரேக்கரின் தோரியத் தூண் வடிவினது. கல்லோ பல்லாவரத்துக் கல்! கிரேக்கச் சட்டைக்குள் பல்லாவரத்து உடம்பு. அவ்விளக்கை 1894இல் மன்றத்தின் பெருங்கோபுரத்து உச்சிக்கே மாற்றினர். 1977 வரை கீழே வழக்கும் மேலே விளக்குமாக அக்கோபுரம் நின்றது. 1914 செபுத்தம்பர் 22ஆம் பக்கல் இரவு, எம்டன் என்னும் செருமானியக் கப்பல் சென்னையைக் குண்டெறிந்து தாக்கியபோது மன்றத்தின் சுற்றுச்சுவரும் அடிபட்டது. கல்வெட்டுப் பலகை இன்றும் அங்குளது. கப்பல் போயிற்று, 'அவன் பெரிய எம்டன்' என்னும் வழக்கு மட்டும் நம் நாவில் தங்கிற்று.

நிலத்தின் கதையும் உண்டு. இன்று மன்றம் நிற்கும் பகுதியில்தான் முன்னர்ச் சென்னக் கேசவப் பெருமாள் கோவில் இருந்தது. பிரெஞ்சியர் தாக்குதலை அஞ்சிய கும்பினியார், கோட்டையைச் சுற்றி வெட்டவெளி வேண்டுமென்று, 1757இல் பழைய கருப்பர் நகரின் எஞ்சிய வீடுகளோடு அதனையும் இடித்தனர். பின்னர் மாற்று நிலம் பெற்றுப் பூக்கடைப் பகுதியில் இரட்டைக் கோவிலாக அது மீண்டும் எழுந்தது. இதைச் சொல்வது பகை மூட்டுவதற்கன்று. ஒருமுறை இடித்ததன் இழப்பை அறிந்த நாம், 'இடிந்தால் இடியட்டும்' என்று எளிதாகச் சொல்லலாகாது என்பதற்கே.

அம்மன்றத்துள் எம்மொழி ஒலிக்க வேண்டும் என்பது தனி வழக்கு. 2006இல் நம் பேரவை தீர்மானம் நிறைவேற்றியும் நடுவணரசு இசையாதிருந்ததைப் பற்றி இவ்விதழ்போலும் ஏடுகள் பலகால் எழுதியுள்ளன. இங்கு அதை விரிக்கவில்லை. உள்ளே தமிழ் ஒலிக்க வேண்டுமென்று கேட்பவர்க்குச் சுவரைக் காக்கும் கடமையும் உண்டு என்பதே என் பேச்சு.

ஏனெனில் சுவர் நோயுறுகின்றது. கடற்காற்றின் உப்பு ஒரு நோய். அதனினும் கொடியது தவறான மருந்து. அக்காலக் கட்டடங்களெல்லாம் சுண்ணச் சாந்தால் இணைந்தவை. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ காளவாயிற் சுட்டு, நீற்றி, மணலோடும் செங்கற் பொடியோடும் செக்கிலிட்டு அரைத்து, வேண்டுமிடத்துக் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்துப் புளிக்கவைத்து எடுப்பது அச்சாந்து. அது மூச்சுவிடும். சுவருள் புகுந்த ஈரத்தை வெளியேற்றும். செங்கல் சற்று அசைந்தால் தானும் இசைந்து கொடுக்கும். சிமிட்டியோ இறுகிப் பாறையாகி ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். அடைபட்ட ஈரத்திலுள்ள உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிந்து, அதனை உள்ளிருந்து அரிக்கும். வெளியே பூச்சு பளபளக்கும். உள்ளே கல் மாவாகும்.

இது நூலிற் படித்தது மட்டுமன்று. யான் முன்பு பணியாற்றிய பள்ளியொன்றில் நூறாண்டு கடந்த வகுப்பறை வரிசை இருந்தது. கட்டைக்குத்துத் தளமும் சுண்ணச் சுவரும் உடையது. சித்திரையிலும் அங்கே பாடம் நடத்தலாம். ஒரு கோடை விடுமுறையில் புதுப்பிக்கிறோம் என்று சுவர் முழுதும் சிமிட்டி பூசினர். வேலைக்கு வந்த முதிய கொத்தனார் ஒருவர், "இந்தச் சுவருக்கு இது ஆகாதுங்க, கல்லு செத்துப்போகும்" என்று சொல்லிப் பார்த்தார். கூலியாளின் சொல்லை யார் கேட்பார்? உண்மையில், அன்று பக்கத்தில் நின்ற யானும் கேட்கவில்லை, வாய் திறக்கவுமில்லை. மூன்றாம் மழைக்காலத்தில் பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. உள்ளே செங்கல் விரல் பட்டால் உதிர்ந்தது. 'வலுவற்றது' என்று சான்றெழுதி இடித்துவிட்டனர். இப்போது அவ்விடத்தில் நிற்கும் புதுக்கட்டடத்தில் பங்குனி பிறந்தாலே பிள்ளைகள் ஏடுகளை விசிறியாக்கிக் கொள்கின்றனர்.

சரியாகச் செய்ய இயலாதா? இயலும். சேப்பாக்கம் அரண்மனையின் கலசு மகால் 2012 சனவரியில் தீப்பற்றி எரிந்தது. தீயணைக்கச் சென்ற அலுவலர் ஒருவர் உயிரிழந்தார். கூரை வீழ்ந்து, சுவர் மட்டும் நின்றது. இனி இடிப்பதே வழி என்றார் பலர். ஆயினும் பொதுப்பணித் துறையினர் பழைய முறையிலேயே சுண்ணாம்பு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் சேர்த்து, அதை மீண்டும் எழுப்பினர். இன்று பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே நடைபெறுகின்றது. அரசுத் துறையைக் குறை கூறுவதே வழக்கமாகிவிட்ட நாம், இவ்வொன்றுக்கு வாயார வாழ்த்த வேண்டும். அப்பணிக்குச் சுண்ணவேலை அறிந்த கொத்தரைத் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் தெருவுக்கொருவர் இருந்தனர்.

வேலை மறையும்போது சொல்லும் மறைகின்றது. 'சுண்ணம்' என்னும் நம் சொல்லைச் சென்னைக்கு வந்த ஆங்கிலப் பொறியாளர் 'சுனம்' என்று தம் மொழியில் ஏற்றுத் தம் அறிக்கைகளில் எழுதினர். வேறு சொல் அவர்க்குக் கிடைக்கவில்லை. நாமோ கொத்தன் என்னும் நற்சொல்லை விட்டுப் போர்த்துகீசியத்தினின்று வந்த மேசுத்திரியைப் பிடித்துக் கொண்டோம். செங்கற்பொடியைச் சுருக்கி என்கிறோம், அது பாரசீகம். கும்மட்டமும் அவ்வழி வந்ததே, குவிமாடம் என்க. (கட்டிடம் என்றெழுதும் அன்பர்க்கு ஒரு சொல்: கட்டும் இடம் கட்டிடம், கட்டப்பட்டது கட்டடம்.) ஆனால் கொடுங்கை, போதிகை, உத்தரம், தூலம், சாரம், கரணை, மட்டக்கோல், தூக்குக்குண்டு, மூலைமட்டம் ஆகியன இன்னும் கொத்தர் வாயில் உயிரோடுள்ளன. அகரமுதலியில் இல்லாத சொற்கள் பலவும் அவரிடம் இருக்கும். நம் கலைச்சொற் குழுக்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து ஆக்குவதற்குமுன், சாரத்தின் அடியில் நின்று கேட்டிருக்கலாம்.

ஆகவே அன்பர்க்கு என் விடை இது. அக்கட்டடத்தின் குவிமாடத்துக்காக யான் வருந்தவில்லை. அதன் செங்கல் அறுத்தவன், சுண்ணம் அரைத்தவன், வளைவு திரட்டியவன் ஆகியோர் கைத்திறத்துக்கு அது ஒன்றே எஞ்சிய கையொப்பம். அதைச் சிமிட்டியால் மூடவும் விடலாகாது. வெள்ளையனுடையதென்று தள்ளவும் ஆகாது. மன்றத்தின் பழுதுபார்ப்புப் பணிக்கு ஒப்பந்தம் விடுவோர், சுண்ணச் சாந்தன்றி வேறு சாந்து அச்சுவரில் படலாகாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுவாராக. சுண்ணவேலையறிந்த கொத்தரை முதலில் அமர்த்தி, அவர்க்கடியில் இளைஞர் நால்வரையேனும் பழக்குவாராக.

நமக்கும் வேலையுண்டு. தம் பாட்டனோ முப்பாட்டனோ சென்னையின் பழைய செங்கற் கட்டடங்களில் வேலை செய்ததாகக் குடும்பத்தில் வழங்கக் கேட்டிருக்கும் அன்பர்கள், பெயரும் ஊரும் குறித்து எழுதியனுப்புக. வளைவின் ஒவ்வோர் உறுப்பிற்கும், சாந்தின் ஒவ்வொரு பக்குவத்திற்கும் உங்களூர்க் கொத்தனார் என்ன சொல் வழங்குகின்றார் என்பதையும் கேட்டெழுதுக. அவர்க்கு எழுதத் தெரியாதெனின் அருகிருந்து, அவர் ஒலிக்கும் வண்ணமே, திருத்தாமல் எழுதுக. திருத்தும் வேலையைப் பின்னர் நாம் பார்த்துக் கொள்வோம்.